இல்லாத திமிங்கலத்துக்கு வீசிய வலை

பதின்பருவத்தினரைத் தற்கொலைக்குத் தூண்டுவதாகச் சொல்லப்பட்ட ‘புளூவேல்’ இணைய விளையாட்டுக்கும் நாட்டில் நடந்த எந்த மரணத்துக்கும் தொடர்பு இருந்ததாக உறுதிசெய்ய முடியவில்லை என்று 2018 ஜனவரியில் அரசு மக்களவையில் ஒருவழியாகச் சொல்லிவிட்டது. அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான ‘செர்ட்-இன்’னின் தலைமை இயக்குநர் தலைமையிலான குழு கைபேசிகளையும் அழைப்பு விவரங்களையும் சமூக வலைதளக் கணக்குகளையும் அலசிக் கண்ட முடிவு இது. நல்லது. ஆனால் 2017 ஆகஸ்ட் தொடங்கி பெற்றோரின் தூக்கத்தைக் கெடுத்த அறிவிப்புகளைத் திரும்பப் பெறுகிறோம் என்று ஒரு வரி உண்டா? இல்லை.

ஆகஸ்ட் 11 அன்று கூகுள், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் உள்ளிட்ட நிறுவனங்களுக்கு அரசின் கடிதம் போனது: இந்த விளையாட்டின் இணைப்புகளை உடனே நீக்குங்கள். எந்த இணைப்புகளை? பிளே ஸ்டோரில் அப்படி ஒரு செயலி கிடையாது. நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் நின்றபோது, இது செயலியே அல்ல, ஆகவே தடுக்க முடியாது என்று அரசுத் தரப்பே சொன்னது. ஆகஸ்டில் கடிதத்தை எழுதுவதற்கு முன் அதை யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

ரஷ்யாவில் எதுவுமே நடக்கவில்லை என்று நாம் வாதிடவில்லை. பதின்பருவத்தினரைத் தற்கொலைக்குத் தூண்டியதாக அங்கே ஓர் இளைஞருக்கு 2017 ஜூலையில் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் 2016-இல் ‘நோவயா கெஸெட்டா’ செய்தித்தாள் வெளியிட்ட தற்கொலை எண்ணிக்கையை அந்த நாட்டுச் செய்தியாளர்களே அப்போதே கேள்விக்குள்ளாக்கினார்கள். அந்தக் கேள்வி டெல்லியை எட்டவில்லை, பீதி மட்டும் எட்டியது.

எல்லாவற்றையும்விடப் பொறுக்க முடியாதது செப்டம்பரில் பெற்றோருக்காக வெளியிட்ட எச்சரிக்கைக் குறிப்பு. பிள்ளை இந்த விளையாட்டில் சிக்கியிருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அதில் ஓர் அடையாளப் பட்டியல். நண்பர்களையும் குடும்பத்தாரையும் விட்டு ஒதுங்குவது, நீடித்த மனச்சோர்வு, அன்றாட வேலையைச் செய்யவிடாத கவலை, திடீர்க் கோபம், முன்பு விரும்பிச் செய்தவற்றில் ஈடுபாடு குறைவது, உடலில் காயங்கள். இந்தப் பட்டியலை எந்த மனநல மருத்துவரிடமாவது காட்டுங்கள். மன அழுத்த நோயின் அறிகுறிகள் என்று அடுத்த நொடியே சொல்வார். ஒரு குழந்தை உதவி கேட்கும் ஒவ்வொரு விதத்தையும் சரியாக எழுதிவிட்டு, காரணம் என்ற இடத்தில் இல்லாத விளையாட்டின் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதைப் படித்த அம்மா என்ன செய்வார்? பிள்ளையை மருத்துவரிடமா கூட்டிப்போவார்? கைபேசியைப் பிடுங்குவார். மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பார், விளையாட்டின் அடையாளமான திமிங்கலப் படம் இல்லை என்றால் நிம்மதியடைவார். அந்த நிம்மதிதான் நம்மை நடுங்கவைக்கிறது. அறிகுறி அத்தனையும் கண்ணெதிரே இருக்க, ‘நல்லவேளை, அது இல்லை’ என்று ஒரு குடும்பம் கதவைச் சாத்திக்கொள்ள அரசே வழிசெய்து கொடுத்திருக்கிறது. ஒதுங்கிப்போன பிள்ளையிடம் இருந்த ஒரே நட்பு அந்தக் கைபேசிக்குள் இருந்திருந்தால் அதுவும் போயிற்று. சிபிஎஸ்இ-யும் தன் பங்குக்குச் சுற்றறிக்கை விட்டது: அனுமதியின்றிப் பள்ளிக்கும் பேருந்துக்கும் மின்னணுக் கருவிகளைக் கொண்டுவரக் கூடாதாம். பள்ளிக்கு ஓர் ஆலோசகர் இருக்கிறாரா என்று கேட்பதைவிட அது எளிது அல்லவா?

அரசு அலுவலகங்களுக்கு இது புதிதுமில்லை. 2012 ஆகஸ்டில் வடகிழக்கு மக்கள் வதந்திக்கு அஞ்சி பெங்களூரை விட்டு ரயிலேறியபோது, நாடு முழுவதும் மொத்தக் குறுஞ்செய்தி ஐந்துக்கு மேல் கூடாது என்றார்கள். 2014 டிசம்பரில் தீவிரவாதத்தை ஒடுக்குவதாகச் சொல்லி முடக்கிய 32 தளங்களில் ‘கிட்ஹப்’பும் இருந்தது. மென்பொருள் எழுதிப் பிழைக்கும் நாட்டில் மென்பொருளாளர்களின் பட்டறைக்கே பூட்டு! 2015-இல் 857 ஆபாசத் தளங்களைத் தடுத்துவிட்டுச் சில நாட்களில் பின்வாங்கினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், குடிமக்கள் தங்கள் செய்திகளை 90 நாட்கள் சேமித்து வைக்க வேண்டும் என்றொரு வரைவுக் கொள்கையை வெளியிட்டு, சிரிப்பு அடங்குவதற்குள் திரும்பப் பெற்றார்கள். முதலில் முடக்கு, பிறகு விசாரி. ஆனால் முன்பெல்லாம் திரும்பப் பெறவாவது தெரிந்திருந்தது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2015-இல் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 8,934 பேர். நாளொன்றுக்குச் சராசரியாக 24 பேர். அப்போது இந்தத் திமிங்கலத்தின் பெயர்கூட இங்கே யாருக்கும் தெரியாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வில் 13 முதல் 17 வயது வரை உள்ளோரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு இருப்பது தெரியவந்தது. இந்த எண்களுக்காக நள்ளிரவில் எந்தத் தொலைக்காட்சி விவாதமும் நடக்கவில்லை, எந்த நிறுவனத்துக்கும் அவசரக் கடிதம் போகவில்லை. புளூவேலோடு இணைத்துப் பேசப்பட்ட மதுரை மாணவரின் மரணம் உயர் நீதிமன்றக் கிளையைத் தாமாக முன்வந்து விசாரிக்கவைத்தது. அவர் இறந்த அதே வாரத்தில்தான், நீட் தேர்வால் மருத்துவ இடம் கிடைக்காத அரியலூர் மாணவியும் இறந்தார். அங்கே நீக்கச் சொல்ல இணைப்பு எதுவும் இருக்கவில்லை.

அறிவிப்புகளைத் திரும்பப் பெறட்டும். பள்ளிகளில் பிள்ளைகளின் பேச்சைக் கேட்க ஆட்களைத் தேடட்டும். எப்படி, எவ்வளவு செலவில் என்பதை உட்கார்ந்து யோசிக்க வேண்டியவர்கள் அவர்களே. அதற்கு முன் மேசையில் கிடந்த கோப்பு ஒன்றையாவது எடுத்திருக்கலாம். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக அல்ல, கடும் மன உளைச்சலில் இருப்பவராகக் கருத வேண்டும் என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு. 2017 ஏப்ரல் 7 அன்றே குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்துவிட்டார். ஆகஸ்டில் அவசரமாகக் கடிதம் எழுத முடிந்தவர்களால், இந்தச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கையில் 2018 மே வரை கையெழுத்திட முடியவில்லை.