16 ஆண்டுகள் சட்டமாக நின்ற தீர்ப்பு



"ஐ.நா. உடன்படிக்கைகளால் நமக்கென்ன பயன்?" என்று கேட்பவர்களுக்கு நான் 1997-ஆம் ஆண்டின் விசாகா தீர்ப்பைத்தான் காட்டுவேன். வேலையிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்க அன்று தனிச் சட்டமே கிடையாது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை 1993-இல் இந்தியா ஏற்றிருந்தது. அதையும் நம் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளையும் சேர்த்துப் பார்த்தே உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்தது. நாடாளுமன்றம் சட்டம் இயற்ற 2013 ஆயிற்று. அதுவரை அந்தத் தீர்ப்புதான் சட்டம்!

இன்று 10 பேர் வேலை செய்தாலே அங்கே உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். உங்கள் பள்ளியில் இருக்கிறதா? ஆசிரியைகளே, கேளுங்கள். தீர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வாட்ஸ்அப் செய்தியோடு நிற்காமல் மூலத்தையே படியுங்கள்.