பங்க் மூடியாச்சு... தண்ணீரை யார் பார்ப்பது?

ஒரு பெட்ரோல் பங்க்கை மூடினால் என்ன நடக்கும்? பம்ப்பைக் கழற்றுவார்கள், கூரையைப் பிரிப்பார்கள். கொஞ்ச நாளில் அங்கே ஒரு அடுக்குமாடி வீடோ கல்யாண மண்டபமோ வந்துவிடும். கட்டிட வேலைக்கு முதலில் போடுவது போர்! அந்தத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று கேட்பவர்கள் உண்டு. பென்சீன் இருக்கிறதா என்று கேட்பவர் யார்?

புதுச்சேரியில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் அவசியம் இருக்கிறது. வரி குறைவு என்பதால் இங்கே பெட்ரோல் தமிழ்நாட்டை விட மலிவு, பங்க்குகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் ஊர் குடிப்பது நிலத்தடி நீரைத்தான். லாஸ்பேட்டை, கோரிமேடு பக்கம் மேலே செம்மண், கீழே கடலூர் மணற்கல். மழைநீர் சுலபமாக இறங்கும் மண் இது. மழைநீர் இறங்கும் வழியில் எண்ணெயும் இறங்கும். முத்திரையர்பாளையத்திலிருந்து தண்ணீர் வந்த கதைக்காக ஆயி மண்டபம் கட்டி, அதையே அரசுச் சின்னமாகவும் வைத்திருக்கும் ஊர் இது என்பது குறிப்பிடத்தக்கது!

பங்க்கில் எண்ணெய் இருப்பது பூமிக்கு அடியில். பழைய இரும்புத் தொட்டி துருப்பிடிக்கும், குழாய் இணைப்பு தளரும். சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் கணக்குப் புத்தகத்தில்கூடத் தெரியாது. பெட்ரோல் தண்ணீரை விட லேசானது, அதனால் நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். அதிலுள்ள பென்சீன் மட்டும் கரைந்து தண்ணீரோடு நகரும். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு சின்னக் கணக்கு: பாரத் ஸ்டேஜ் 6 பெட்ரோலில் 1 சதவீதம் வரை பென்சீன் இருக்கலாம். அப்படியானால் 1 லிட்டர் பெட்ரோலில் உள்ள பென்சீன் 8 லட்சம் லிட்டருக்கும் அதிகமான தண்ணீரை அந்த அளவுக்குக் கெடுக்கும். 12,000 லிட்டர் லாரியில் எழுபது லோடுக்கு மேல்! "வாடை வந்தால் தெரிந்துவிடுமே" என்பதும் தவறு. மூக்குக்குத் தெரியும் அளவு இதைவிடப் பல மடங்கு அதிகம்.

பக்கத்து வீட்டு போரில் ஒரு பாட்டில் பிடித்து, "எல்லாம் சரி" என்று எழுதிக் கொடுப்பது கண்காணிப்பு ஆகாது. குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும். மூன்று இடத்தில் நீர்மட்டம் தெரிந்தால்தான் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்ல முடியும். ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கக் கிணற்றைச் சோதித்தால் பக்கத்திலேயே கசிவு இருந்தும் சுத்தம் என்றுதான் வரும். மாதிரியைக் கண்ணாடிக் குப்பியில் காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பி, குளிரில் வைத்து லேபுக்கு அனுப்ப வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் பாட்டிலில் போனால் பென்சீன் வழியிலேயே பறந்துவிடும். காலமும் முக்கியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் நீர்மட்டம் ஏறும்போது மிதக்கும் எண்ணெய் மண்ணுக்குள் சிக்கி, கிணற்றில் காணாமல் போகலாம். கோடையில் மறுபடி தலைகாட்டும். அதனால் மழைக்கு முன்பும் பின்பும், சில வருடங்கள் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

தமிழ் மண்ணிலேயே பாடம் இருக்கிறது. இரண்டுமே பங்க் அல்ல, ஆனால் எண்ணெய் ஒன்றுதான். சென்னை தண்டையார்பேட்டையில் 2013-ல் வீட்டு போர்களில் எண்ணெய் வந்தது. பாரத் பெட்ரோலியத்தின் குழாய்க் கசிவு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்ததற்கு, 2019-ல் இலங்கை உச்ச நீதிமன்றம் நொதர்ன் பவர் நிறுவனத்தை 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இரண்டு இடத்திலும் முதலில் கண்டுபிடித்தது கருவி அல்ல, தண்ணீர் இறைத்த வீட்டுக்காரர்கள்!

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் புதிய பங்க்குகளுக்கு வழிகாட்டுதல் கொடுத்தது. பள்ளி, மருத்துவமனை, குடியிருப்புகளிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றது. நல்லதுதான். ஆனால் பேச்செல்லாம் புதிதாகத் திறப்பதைப் பற்றி. மூடும் பங்க்குக்கும் அதே அக்கறை வேண்டும். தொட்டியை எடுத்த குழியின் மண்ணையும், மூன்று கிணறுகளின் தண்ணீரையும் சோதித்து, முடிவை வெளியிட்ட பிறகே அந்த மனையில் கட்டிட அனுமதி தர வேண்டும். புதுச்சேரி மாசு கட்டுப்பாட்டுக் குழுமத்தால் இதைக் கேட்க முடியாதா என்ன?

செலவு யார் தலையில் என்ற கேள்வி வரும். இடத்துச் சொந்தக்காரர் வாடகைக்கு விட்டவர், அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. எண்ணெய் விற்ற நிறுவனம்தான் தர வேண்டும். அமெரிக்காவில் 1986-லேயே இதற்கென்று ஒரு நிதி தொடங்கி, ஒரு கேலன் எரிபொருளுக்கு ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு வசூலித்தார்கள். அங்கே இதுவரை உறுதியான கசிவுகள் 5 லட்சத்துக்கு மேல். இங்கே லிட்டருக்கு ஒரு பைசா வைத்தாலும் வண்டி ஓட்டுபவர் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்.