குறையும் பிழையும்

1840-இல் யோசெப் பெட்ஸ்வால் வடிவமைத்து, வியன்னாவின் ஃபோக்ட்லேண்டர் நிறுவனம் தயாரித்த உருவப்பட லென்ஸில் நடுப்பகுதி கூர்மையாகவும் ஓரங்கள் சுழன்று கலங்கியும் தெரியும். அந்தக் கலங்கலுக்காகவே 2013-இல் லோமோகிராஃபி நிறுவனம் அதற்கு மறுபிறவி அளித்தது. இதைக் காட்டி, 'குறைதான் அழகு, தரச்சோதனை எதற்கு?' என்பவர்கள் இரு வேறு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

பெட்ஸ்வாலின் கலங்கல் வடிவமைப்பிலேயே உள்ளது. மையத்தைச் சுற்றிச் சீராகப் பரவுவது. ஆகவே படமெடுப்பவர் அதைக் கணக்கில்கொள்ள முடியும். உள்ளிருக்கும் கண்ணாடிகளில் ஒன்று ஒளியச்சிலிருந்து விலகிப் பொருத்தப்பட்ட லென்ஸிலோ ஒரு மூலை மட்டும் மங்கும். அதுவும் லென்ஸுக்கு லென்ஸ் மாறும். முன்னது எழுத்தாளரின் நடை. பின்னது அச்சுக்கோர்ப்பவரின் பிழை.

தொலைவிலுள்ள செங்கல் சுவரை நேராகப் படமெடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிட்டாலே இந்தப் பிழை பெரும்பாலும் தெரிந்துவிடும். தொழிற்சாலையில் நடக்கவேண்டிய சோதனையை வாங்குபவர் தலையில் கட்டிவிட்டு, மங்கலுக்குத் 'தனித்தன்மை' என்று பெயர் சூட்டுவதை ஏற்பதற்கில்லை.