தொழிற்சாலை செய்யாத கார்கள்

ஐரோப்பாவின் பழைய டூரிங் கார் பந்தயங்களை நினைத்து உருகுவோர் இன்று நம்மிடையிலும் இருக்கிறார்கள். பி.எம்.டபிள்யூ. எம்3, மெர்சிடிஸ் 190இ, ஃபோர்டு சியரா ஆர்.எஸ்.500 என்று பெயர்களைச் சொல்லத் தொடங்கும்போதே அவர்கள் குரலில் கோயில் பிராகாரத்தில் பேசுகிற அடக்கம் வந்துவிடுகிறது. அவர்களோடு எனக்குப் பிணக்கில்லை. அந்த ஏக்கத்துக்கு நியாயம் உண்டு. என் வருத்தம் வேறு. ஏறக்குறைய அதே காலத்தில், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் ஓடிய கார்களை நினைத்து ஏங்க நமக்குத் தெரியவில்லை. ஏங்குவதற்கு ஒரு பொருளாவது மிஞ்ச வேண்டும். அதுவும் மிஞ்சாமல் போய்க்கொண்டிருக்கிறது.

முதலில் அந்த ஐரோப்பிய ஏக்கத்தின் வேர் எதுவென்று பார்த்துவிடலாம். ஹோமோலகேஷன் என்றொரு விதி. பந்தயத்தில் ஓடும் கார், கடைக்குப் போய் எவரும் வாங்கக்கூடிய காராக இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். 1982இல் நடைமுறைக்கு வந்த ‘குரூப் ஏ’ விதிகளின்படி, ஒரு காரைப் பந்தயத்தில் இறக்க வேண்டுமானால் பன்னிரண்டு மாதங்களுக்குள் 5,000 கார்கள் செய்திருக்க வேண்டும். அதன் மேம்பட்ட வடிவத்துக்கு மேலும் 500. விதியை எழுதியவர்கள் நினைத்தது, சாதாரணக் கார் பந்தயத்துக்குப் போகும் என்று. நடந்ததோ தலைகீழ். பொறியாளர்கள் முதலில் பந்தயக் காரை மனத்தில் வரைந்துகொண்டார்கள். பிறகு விதிக்காக அதை ஆயிரக்கணக்கில் செய்து, பல் மருத்துவருக்கும் வக்கீலுக்கும் விற்றார்கள். 1986இல் வந்த எம்3இன் பின்பக்கக் கண்ணாடியின் சரிவு சாதாரண மூன்றாம் வரிசைக் காரின் சரிவிலிருந்து மாறுபட்டது. காற்று பின்னிறக்கையில் சரியாகப் படிய வேண்டும் என்பதற்காக, வீதியில் காய்கறி வாங்கப் போகும் காருக்கும் அந்தச் சரிவு வந்து சேர்ந்தது. சியராவின் ஆர்.எஸ்.500 வடிவம் 1987இல் 500 மட்டுமே செய்யப்பட்டது. 1990இல் மெர்சிடிஸ் செய்த ‘எவல்யூஷன் 2’ 502.

இந்த வழக்கம் அப்போது புதிதுமல்ல. 1963இல் லோட்டஸ் நிறுவனம் கைவைத்த ஃபோர்டு கார்ட்டினா இதே காரணத்துக்காகப் பிறந்ததுதான். அதை ஓட்டி ஜிம் கிளார்க் 1964இல் பிரிட்டனின் சலூன் கார் பட்டத்தை வென்றார். ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியனாக இருந்த ஒருவர், பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருக்கும் காரில் மூன்று சக்கரம் மட்டும் தரையில் பட வளைவுகளில் திரும்பினார். அதுதான் மக்களைச் சொக்க வைத்தது. 1984 மே 12 அன்று புதிய நூர்பர்க்ரிங் தடத்தின் திறப்புப் பந்தயத்தில், பெரும் பெயர் பெற்ற ஓட்டுநர்கள் எல்லோரும் ஒரே மாதிரி மெர்சிடிஸ் 190இ காரில் ஓட, வென்றவர் அயர்ட்டன் சென்னா என்ற இளைஞர். அந்தக் கார் டாக்சி நிறுத்தத்திலும் நின்றுகொண்டிருந்த வடிவம் என்பது கதையின் பாதி அழகு.

இதில் கேலிக்கூத்துகளுக்கும் குறைவில்லை. 1994இல் ஆல்ஃபா ரோமியோ 155 காரை பிரிட்டிஷ் பந்தயத்துக்கு அனுப்பியபோது, பின்னிறக்கையை உயர்த்தும் துண்டுகளை வீதிக் காரின் டிக்கியில் போட்டே விற்றார்கள். வேண்டுமானால் வாங்கியவர் பொருத்திக்கொள்ளலாம். இது விதியா, விதியை ஏய்ப்பதா என்று பெரிய சச்சரவு. அணி ஒரு சுற்றைவிட்டே வெளிநடப்புச் செய்தது. அப்படியும் அந்த ஆண்டுப் பட்டம் அந்தக் காருக்கே போனது. சட்டத்தின் எழுத்துக்கும் பொருளுக்கும் நடுவே புகுந்து போகும் கலை நம்மூர்ப் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இனிச் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதை. போர் முடிந்தபின் கேட்பாரற்றுக் கிடந்த கான்கிரீட். 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது; எண்பதுகளின் இறுதிவரை தென்னிந்தியாவின் மோட்டார் பந்தயம் என்றாலே சோழவரம்தான். ஓடுபாதை என்பதால் நீண்ட நேர்கோடு, அதன் முடிவில் திடீரென்று ஒரு திருப்பம். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் வைத்த கார் அந்த நேர்கோட்டில் சேர்த்த வேகத்தையெல்லாம் திருப்பத்துக்கு முன் இறக்கியாக வேண்டும். சில சுற்றுகளில் டிரம் காய்ந்து பிரேக் பிடிக்காமல் போகும். அப்புறம் கியரையும் நெஞ்சுரத்தையும் நம்பித்தான் ஓட்ட வேண்டும்.

அங்கே வெளிநாட்டிலிருந்து வந்த ஒற்றை இருக்கைக் கார்களும் ஓடின. எண்பதுகளில் விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரைக் கொண்டுவந்து ஓட்டியதை இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு அதில் பெரிய ஈர்ப்பில்லை. காசிருந்தவர் வாங்கி வந்தார், ஓட்டினார். என்னைக் கவர்வது சலூன் கார்களின் வரிசை: ஃபியட் 1100, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, அம்பாசடர். அன்றைய இந்தியாவில் கார் என்ற சொல்லுக்குப் பெரும்பாலும் இந்த மூன்றுதான் பொருள். லைசென்ஸ் காலம். பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பெறும் பொருள். 5,000 கார் செய்தால்தான் அனுமதி என்ற ஐரோப்பிய விதியைக் கேட்டால், அதற்கு முதலில் அரசாங்கம் அனுமதி தர வேண்டுமே என்று நம் முதலாளிகள் சிரித்திருப்பார்கள்.

ஆகவே இங்கே எந்த நிறுவனமும் பந்தயத்துக்கென்று ஒரு வீதிக் காரைச் செய்து விற்கவில்லை. தேவையும் இருக்கவில்லை, எதைச் செய்தாலும் விற்றது. என் வாதத்தின் மையம் இதுதான். ஐரோப்பாவில் தொழிற்சாலை செய்த வேலையை இங்கே பட்டறை செய்தது. பிரீமியர் பத்மினியின் 1,089 சி.சி. எஞ்சின் நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட குதிரைசக்தி கொண்டது. கியர்த் தண்டு ஸ்டியரிங்கின் அருகில். அதைப் பந்தயத்துக்குத் தயார் செய்வதென்றால், சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி அதன் அடிப்பரப்பை நூல் கணக்கில் தேய்த்து அழுத்தத்தை ஏற்ற வேண்டும். அதிகம் தேய்த்தால் அன்றைய ஆக்டேன் குறைந்த பெட்ரோலில் எஞ்சின் தட்டும். காற்று போகும் துவாரங்களை எமரித்தாள் கொண்டு கையாலேயே வழவழப்பாக்க வேண்டும். கேம் ஷாஃப்டின் முகடுகளை மாற்றிக் கடைய வேண்டும். இன்னொரு கார்புரேட்டர் வைக்க வேண்டும். கணினி இல்லை, சக்தியை அளக்கும் டைனமோமீட்டர் அநேகமாக இல்லை. காதும் விரல் நுனியும்தான் கருவி. ஹெரால்டின் முன்பகுதி முழுவதும் பானட்டாக முன்னே சாய்ந்து திறக்கும் என்பதால் மெக்கானிக்குகளுக்கு அதன்மேல் தனிப் பிரியம். அதன் பின்சக்கரங்கள் வேகமான திருப்பத்தில் உள்ளே மடங்கிக் காரைத் தூக்கிவிடும் குணத்தை அடக்குவது தனி வித்தை.

மதுரைக்காரனாக இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் உரிமை கூடுதலாக இருப்பதாக நினைக்கிறேன். இந்த ஊரில் இயந்திரத்தைப் பேணுவது ஒரு ஒழுக்கமாக வளர்ந்தது. 1911இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய போக்குவரத்துத் தொழிலின் பேருந்துகளைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டார்கள் என்பது மதுரையின் தேய்ந்த கதை. அந்த நேரந்தவறாமைக்குப் பின்னால் இருந்தது பட்டறை. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைக்காமல் போக, கரிவாயுவில் வண்டி ஓட்டும் ‘கேஸ் பிளான்ட்’ செய்து பொருத்தினார்கள். தொழிற்சாலையில் இருந்து வந்த வண்டியை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், இருக்கும் நிலைமைக்கு ஏற்பத் திருத்துவது என்ற பழக்கத்துக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? 1972இல் பேருந்துகள் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. கம்பெனிப் பட்டறையில் தொழில் கற்ற கைகள் ஊரெங்கும் சிறு பட்டறைகளிலும் இருந்தன. பசுமலையில் திருப்பரங்குன்றம் சாலையோரத்து வேப்பமர நிழல்களில் நான் பார்த்த மெக்கானிக்குகள் யாரும் சோழவரத்தில் கார் ஓட்டியவர்கள் அல்லர். ஆனால் பத்மினியின் ஹெட்டைத் திருப்பிப் போட்டு, விரலால் தடவி, எங்கே எவ்வளவு தேய்க்கலாம் என்று சொல்லத் தெரிந்தவர்கள். சோழவரத்தின் வெற்றி அத்தகைய கைகளால் ஆனது. கோப்பையில் பொறிக்கப்பட்டது ஓட்டியவர் பெயர்.

இலக்கிய வாசகர்களிடம் ஒரு புகாரும் உண்டு. நம் புனைகதையில் கார் எப்படி வருகிறது? ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ நினைவுக்கு வரும். மழை, தனியே நிற்கும் பெண், பெரிய கார். அங்கே கார் பணத்தின் உருவம், பாவத்தின் அறை. அது அந்தக் கதைக்குத் தேவை, குறை சொல்லவில்லை. ஆனால் கார் பெரும்பாலும் அப்படியே நின்றுவிட்டது. அதன் பானட்டைத் திறந்து பார்த்த தமிழ் எழுத்து மிகக் குறைவு. நெசவையும் உழவையும் மீன்பிடித்தலையும் அதனதன் சொற்களோடு எழுதிக் காட்டிய மொழியில், மெக்கானிக் இன்னும் கிரீஸ் படிந்த துணைப் பாத்திரமாகவே இருக்கிறார்.

இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு, இதற்கு ஏன் கண்ணீர் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஓட்டியவர்களில் ஆலை முதலாளிகளும் சமஸ்தான வாரிசுகளும் தொழிலதிபர் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். பாதுகாப்பு ஏற்பாடுகளை இன்றைய அளவுகோலில் பார்த்தால் திகைப்பாக இருக்கும். அந்த நாட்கள் திரும்ப வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஓட்டியவர்களின் நினைவு எப்படியும் அவர்கள் குடும்ப ஆல்பங்களில் பிழைத்துக்கொள்ளும். பிழைக்காதது, கார்களில் பதிந்திருந்த வேலை. அதற்கு ஆல்பம் கிடையாது; காரேதான் ஆவணம்.

அந்த ஆவணத்தைத்தான் சட்டம் இப்போது செல்லாததாக்குகிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு தாண்டிய வாகனம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், தனி எண் வரிசை. நல்ல காரியம். ஆனால் நிபந்தனையைப் படியுங்கள்: வாகனம் மூல வடிவிலேயே பேணப்பட்டிருக்க வேண்டும், சேசியிலோ கூட்டிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் எதுவும் செய்யப்பட்டிருக்கக் கூடாது. அதாவது, கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மட்டும் போய்வந்து கொட்டகையில் உறங்கிய ஃபியட் பாரம்பரியச் சொத்து. சோழவரத்தில் ஓடிய, ஹெட் தேய்த்த, கூட்டை அறுத்து இரும்புக் குழாய்க் கூண்டு பற்றவைத்த ஃபியட் வெறும் விதிமீறல். இதற்கு முன்பே 2019 ஜனவரியில், உற்பத்தியாளர் தந்த மூல அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. இன்று நெடுஞ்சாலையில் போகும் வண்டிகளுக்கு அது சரியே. கண்கூசும் விளக்கும் காதைக் கிழிக்கும் சைலன்சரும் வைத்துக்கொண்டு திரிபவர்களுக்காக நான் பரிந்து பேசப் போவதில்லை. ஆனால் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டிய பொருளையும் அதே தராசில் நிறுப்பது முறையா?

ஐரோப்பியனுக்கு இந்தச் சிக்கலே இல்லை. அவனுடைய எம்3இன் மாற்றங்கள் தொழிற்சாலையின் முத்திரையோடு வந்தவை. ஆகவே அதுவே மூல வடிவம். அதற்கு ஏலத்தில் இலட்சங்கள். நம்முடையது காயலான் கடைக்கு, கிலோ விலையில். 2022 ஏப்ரலில் பதினைந்து ஆண்டு கடந்த காரின் மறுபதிவுக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனபோது, தயங்கிக்கொண்டிருந்த பலருக்கு அந்தக் கடைக்கு வழி தெரிந்துவிட்டது. 2023 அக்டோபரில் மும்பையின் கடைசிப் பத்மினி டாக்சி ஓய்வு பெற்றபோது பத்திரிகைகள் அஞ்சலி எழுதின. அது டாக்சிக்கு எழுதிய அஞ்சலி. பத்மினி பந்தயமும் ஓடியது என்பது எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

பந்தயம் நின்றுவிடவில்லை. 1990இலிருந்து இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் இருக்கிறது. மாருதி 800இன் எஞ்சினை எடுத்து ‘ஃபார்முலா மாருதி’ என்ற மலிவான ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கிய கோயம்புத்தூர் கரிவரதன், நான் சொல்லும் பட்டறை மரபின் மேதை. 1995இல் சிறுவிமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்துத் தடம் அவர் பெயரைத் தாங்குகிறது. அஜித் குமாரும் ஃபார்முலா மாருதி ஓட்டியவர்தான் என்பதை, 2025இல் துபாய் 24 மணிநேரப் பந்தயத்தில் அவரது அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததைக் கொண்டாடியவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றித் தெருப் பந்தயமே நடந்தது. எல்லாம் சரி. வெளிநாட்டில் செய்து மூடி முத்திரையிட்டு வரும் கார்களுக்குக் கூட்டம் சேர்க்கிற நாம், நாமே திறந்து திருத்திய கார்களில் நான்கைந்தையாவது வைத்துக்கொள்ளக் கூடாதா?

கேட்பது பெரிதல்ல. 2021 விதியில் ஒரு துணைப்பிரிவு: பந்தயத்தில் ஓடியதற்குச் சான்றுள்ள பழைய வாகனத்தின் மாற்றங்களையும் அதன் மூல வடிவாகக் கொள்ளலாம் என்று. சான்றுக்குப் பஞ்சமிருக்காது, பந்தயத்துக்கு முன் கார்களைப் பரிசோதிப்பது எல்லாக் காலத்திலும் உண்டு, கிளப்புகளின் பழைய கோப்புகளைத் துழாவினால் போதும். ஐம்பது ஆண்டு என்பதையும் முப்பதாகக் குறைக்க வேண்டும். 1985இல் வந்த பிரீமியர் 118 என்.இ. போன்ற கார்கள் இப்போதைய விதிப்படி 2035வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் தகரம் என்னவாகும் என்பது மதுரை வெயிலில் கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். கோயம்புத்தூரில் 2015இல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகம் போன்ற இடங்கள் பளபளக்கும் பழைய கார்களுக்கு நடுவே, தேய்த்த ஹெட்டைத் தனியே கழற்றிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, தேய்த்தவர் பெயர் தெரிந்தால் அந்தப் பெயரையும் எழுதி வைக்கலாம். அப்பெயர்களைச் சொல்லக்கூடியவர்கள் இப்போது எழுபது வயதைத் தாண்டியிருப்பார்கள்.