கணினி சொன்ன பொய்ச்சான்று

2025-ஆம் ஆண்டு ஜூலை 8 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி சர் வின் வில்லியம்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு தன் அறிக்கையின் முதல் தொகுதியை இலண்டனில் வெளியிட்டது. பிரித்தானிய அஞ்சலகங்களில் வைக்கப்பட்ட ஹொரைசன் என்ற கணினிக் கணக்கு முறையால் மனிதர்களுக்கு நேர்ந்த இழப்பைச் சொல்லும் அறிக்கை அது. இதன் விளைவாகக் குறைந்தது 13 பேர் தம் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்றும், இழப்பீடு பெறத் தகுதியுள்ளோர் ஏறக்குறைய 10,000 பேர் என்றும் அக்குழு கூறியது. ஒரு கணக்கு மென்பொருளைப் பற்றிய அறிக்கையில் இறந்தவர்களின் எண்ணிக்கை இடம்பெறுவதைப் படிக்கும்போது நெஞ்சம் ஒரு கணம் நின்றுவிடுகிறது.

எங்கோ இங்கிலாந்தில் நடந்ததைப் பற்றி மறைமாவட்டச் சிந்தனைப் பக்கத்தில் எழுதுவானேன் என்று அன்பு வாசகர்கள் கேட்கலாம். கணினித் துறையில் வேலைபார்க்கும் பிள்ளை இல்லாத அன்பியத்தை இன்று நம் பங்குகளில் காண்பது அரிது. அவர்களில் பலர் புதிய கண்டுபிடிப்புகளைச் செய்துகொண்டிருப்பவர்கள் அல்லர். ஏதோ ஒரு நாட்டு வங்கியின், கடையின், மருத்துவமனையின் கணக்கு அமைப்பு இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று கண்விழித்துக் காவல் காப்பவர்கள். அவர்கள் செய்யும் அதே வேலைதான், இந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டின் அருகே நிற்கிறது.

நடந்தது இது. பிரித்தானியாவில் சிறு கிளை அஞ்சலகங்களை நடத்துபவர்கள் பெரும்பாலும் அரசு ஊழியர்கள் அல்லர். மளிகைக் கடையோ, எழுதுபொருள் கடையோ வைத்திருப்பவர் அஞ்சல் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, கடையின் ஒரு மூலையில் முத்திரை விற்பார், முதியோருக்கு ஓய்வூதியம் கொடுப்பார், கட்டணங்களை வாங்குவார். ஊரில் மதிப்புள்ள மனிதர். அதுவரை பேரேட்டில் எழுதிவந்த கணக்கு, 1999-இலிருந்து ஹொரைசனுக்கு மாறியது. அதை உருவாக்கியது ஐ.சி.எல். நிறுவனம். அதன் உரிமையாளர் ஜப்பானின் ஃபுஜிட்சு. கணினி காட்டும் தொகைக்கும் கல்லாவில் இருக்கும் பணத்துக்கும் வித்தியாசம் வந்தால், அஞ்சலகம் நடத்துபவரே தன் கையிலிருந்து போட்டுச் சரிசெய்ய வேண்டும் என்று நிறுவனம் ஒப்பந்தத்தைக் காட்டியது.

வித்தியாசம் வந்தது. நூறுகளில் தொடங்கி ஆயிரங்களில் துண்டு விழுந்தது. ஹாம்ப்ஷயரின் சவுத் வார்ன்பரோ என்ற சிற்றூரில் அஞ்சலகம் நடத்திய ஜோ ஹாமில்டன், 2,000 பவுண்டு குறைவதாகத் திரை காட்டியதும் உதவி எண்ணை அழைத்தார். அவர்கள் சொன்னபடி விசைகளை அழுத்தினார். கண்ணெதிரே தொகை இரட்டிப்பானது. இறுதியில் 36,000 பவுண்டு என்று வந்து நின்றபோது வீட்டை அடகு வைத்தார். ஒவ்வொரு முறையும், கணக்கு சரியாக இருக்கிறது என்று கையெழுத்திட்டால்தான் கடையைத் தொடர்ந்து திறக்க முடியும். கையெழுத்திட்டார். பொய்க்கணக்கு எழுதினார் என்று அந்தக் கையெழுத்தே அவர்மீது குற்றச்சாட்டானது. திருட்டுக் குற்றத்துக்குச் சிறை செல்ல நேரும் என்ற அச்சத்தில் பொய்க்கணக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஊர்மக்கள் அவரை நம்பினார்கள், பணம் திரட்டியும் கொடுத்தார்கள். நீதிமன்றம் நம்பியது கணினியை.

பிரிட்லிங்டன் நகரின் லீ காசில்டன் உதவி எண்ணை 91 முறை அழைத்தார். அவர் கணக்கில் விழுந்த துண்டு ஏறக்குறைய 25,000 பவுண்டு. அதை எதிர்த்து வழக்காடித் தோற்றபோது, 2007-இல் அவர்மீது விழுந்த வழக்குச் செலவு 3,21,000 பவுண்டு. திவாலானார். சர்ரே பகுதியின் வெஸ்ட் பைஃப்ளீட்டில் கடை வைத்திருந்த இந்திய வம்சாவளிப் பெண் சீமா மிஸ்ரா, 74,000 பவுண்டு திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டு 2010 நவம்பர் 11 அன்று பதினைந்து மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அன்று அவருடைய மூத்த மகனுக்குப் பத்தாவது பிறந்த நாள். வயிற்றில் எட்டு வாரக் கரு. பின்னர் அவர் இரண்டாவது மகனைப் பெற்றெடுத்தபோது காலில் மின்னணுக் கண்காணிப்புப் பட்டை இருந்தது. ஹொரைசனைக் குறைசொல்வோர் இனி அடங்குவார்கள் என்று, அந்தத் தீர்ப்பைக் கொண்டாடும் மின்னஞ்சல் ஒன்று அஞ்சல் நிறுவனத்துக்குள் சுற்றியது.

மென்பொருள் எப்படிப் பணத்தைத் தின்னும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சான்று போதும். ஸ்காட்லாந்தின் டால்மெல்லிங்டன் அஞ்சலகத்தில், ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு 8,000 பவுண்டு மாற்றியதைப் பதிவுசெய்யும்போது திரை உறைந்து நின்றது. நாம் எல்லோரும் செய்வதைப்போல, விசையை மீண்டும் மீண்டும் அழுத்தினார் அந்த அம்மையார். திரையில் எதுவும் நடக்கவில்லை. உள்ளே ஒவ்வோர் அழுத்தமும் ஒரு புதிய பரிமாற்றமாகப் பதிவானது. 8,000 என்பது 32,000 ஆனது. கையில் இல்லாத 24,000 பவுண்டுக்கு அவர் பொறுப்பானார். இந்தப் பிழை கண்டுபிடிக்கப்பட்டது 2015-இல். ஸ்காட்லாந்தின் ஃபால்கர்க் நகரக் கிளையின் பெயரால் அழைக்கப்படும் காலண்டர் சதுக்கப் பிழையோ, 2000-ஆம் ஆண்டிலிருந்து 2006 வரை அமைப்புக்குள்ளேயே இருந்தது.

மென்பொருளில் பிழை இருப்பது பாவமல்ல. மனிதர் எழுதும் எதிலும் பிழை இருக்கும். அதனால்தான் கணினிப் பணியாளர்கள் அறிந்த பிழைகளுக்கென்றே ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். ஃபுஜிட்சுவிலும் அப்படி ஒன்று இருந்தது. வழக்கில் சிக்கியவர்கள் கேட்டபோது, அப்படி ஒன்று இருப்பதே ஐயம் என்பதுபோலவும், இருந்தாலும் தொடர்பில்லாதது என்பதுபோலவும் அஞ்சல் நிறுவனம் வாதாடியது. இன்னொரு செய்தியும் மறைக்கப்பட்டது. பிராக்நெல் நகரிலிருந்த ஃபுஜிட்சு பணியாளர்கள், தொலைவிலிருந்தே ஒரு கிளையின் கணக்குக்குள் நுழைந்து பதிவுகளைச் சேர்க்கவும் மாற்றவும் முடியும். கிளையில் இருப்பவருக்குத் தெரியாமலே முடியும். ஒரு பெட்டிக்கு இரண்டு சாவி இருந்தால், பணம் குறைந்ததற்கு ஒருவரை மட்டும் எப்படிக் குற்றவாளி ஆக்க முடியும்? அந்த இரண்டாவது சாவி இல்லவே இல்லை என்று பல ஆண்டுகள் சொல்லப்பட்டது. அங்கே வேலைபார்த்த ரிச்சர்ட் ரோல், 2015-இல் பி.பி.சி. நிகழ்ச்சியில் தோன்றி, அது இருந்தது என்று வெளிப்படையாகச் சொன்னார். நீதிமன்றத்திலும் சாட்சியளித்தார்.

இதை முதலில் விரிவாக வெளிக்கொணர்ந்தது பெரிய நாளிதழ் எதுவுமல்ல என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். கணினித் துறையினர் தம் தொழிலுக்காகப் படிக்கும் கம்ப்யூட்டர் வீக்லி என்ற வார இதழ், 2009 மே மாதம் ஏழு பேரின் கதையை அச்சிட்டது. எந்த சர்வரை வாங்குவது, எந்தப் பாதுகாப்பு ஓட்டையை அடைப்பது என்று எழுதும் இதழ் அது. தன் வாசகர்களின் வேலை யாருடைய வாழ்வில் போய் முடிகிறது என்பதும் தொழில் செய்திதான் என்று அதன் ஆசிரியர்கள் கருதியிருக்கிறார்கள். நாடு முழுவதும் கொதித்தெழுந்தது 2024 சனவரியில், ஒரு தொலைக்காட்சித் தொடருக்குப் பிறகு. இடையில் கழிந்தவை பதினான்கரை ஆண்டுகள்.

தானியேல் நூலின் 13-ஆம் அதிகாரத்தில் வரும் சூசன்னாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர்மீது பொய்க்குற்றம் சுமத்திய இருவரும் முதியவர்கள், மக்களின் நடுவர்கள். அதனாலேயே கூடியிருந்தோர் கேள்வி கேட்காமல் நம்பினார்கள், சாவுத் தீர்ப்பும் அளித்தார்கள். இளைஞர் தானியேல் செய்ததோ மிக எளிய செயல். சாட்சிகளைத் தனித்தனியே பிரித்து, எந்த மரத்தின் கீழ் கண்டீர் என்று கேட்டார். ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார், மற்றவர் வேறொன்றைச் சொன்னார். பொய் உடைந்தது. சூசன்னா பிழைத்தது தானியேலுக்குக் கிடைத்த இறை ஏவுதலால் மட்டுமல்ல, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய ஒருவர் முன்வந்ததாலும்தான்.

ஹொரைசன் என்ற சாட்சியை யாரும் அப்படிக் கேட்கவில்லை. இதில் சட்டத்துக்கும் பங்குண்டு. கணினிப் பதிவைச் சான்றாக வைப்பவர், அந்தக் கணினி ஒழுங்காக இயங்கியது என்று காட்ட வேண்டும் என 1984-ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. 1999-இல் இயற்றப்பட்ட சட்டம் அதை நீக்கிவிட்டது. அதன்பின் கணினி சரியாகவே இயங்கியது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்பவர்தான் காட்ட வேண்டும். ஹொரைசன் கிளைகளுக்குள் நுழைந்ததும் அதே 1999-இல். மளிகைக் கடைக்காரர் ஒருவர், தன் கையில் இல்லாத ஆவணங்களைக் கொண்டு, ஒரு பெருநிறுவனத்தின் மென்பொருளில் பிழை உண்டு என்று நிறுவ வேண்டியிருந்தது. இந்த விதியை மாற்றலாமா என்று 2025 சனவரியில் பிரித்தானிய அரசு கருத்துக் கேட்டது.

நம் நாட்டில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுடன் ஒரு சான்றிதழைக் கேட்கிறது. கருவிக்குப் பொறுப்பானவர் ஒரு பகுதியிலும் வல்லுநர் இன்னொரு பகுதியிலும் கையெழுத்திட வேண்டும். அலுவலகத்தில் மேலாளர் ஒரு தாளை நீட்டி, இது வழக்கமான சம்பிரதாயம், கையெழுத்துப் போடு தம்பி என்று சொல்லும் நாள் நம் பிள்ளைகளில் சிலருக்கு வரும். அந்தத் தாள் ஒரு சாட்சியம். நீதிமன்றத்தில் சொல்லப்படும் பொய்ச்சான்று குற்றமற்றவர் தண்டனை பெறக் காரணமாகிறது என்று எட்டாம் கட்டளையை விளக்கும் இடத்தில் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2476) எச்சரிக்கிறது. பாதி உண்மைக்கும் அது பொருந்தும். 2013-இல் அஞ்சல் நிறுவனத்தின் வழக்கறிஞர் சைமன் கிளார்க்கே எழுத்தில் எச்சரித்தது இதைத்தான்: ஃபுஜிட்சுவின் வல்லுநர் தாம் அறிந்திருந்த பிழைகளைத் தம் வாக்குமூலங்களில் சொல்லவில்லை, அவரை இனிச் சாட்சியாகப் பயன்படுத்தக் கூடாது. ஏற்கெனவே தண்டனை பெற்றவர்களின் வழக்கறிஞர்களுக்கு அந்தக் கடிதம் கிடைத்தது 2020-இல்.

2012 முதல் 2019 வரை அஞ்சல் நிறுவனத்தின் தலைமை அதிகாரியாக இருந்த பவுலா வெனல்ஸ், ஆங்கிலிக்கன் சபையில் குருப்பட்டம் பெற்றவர். 2024 மே மாதம் விசாரணையில் கண்ணீர் விட்ட அவர், தன்னிடம் சொல்லப்பட்டதை அளவுக்கு மீறி நம்பிவிட்டதாகக் கூறினார். பிற சபையின் குறை என்று நாம் இதைக் கடந்துபோக முடியாது. நிறுவனத்தின் நற்பெயரைக் காக்க, நொந்துபோனவர்களின் குரலை ஒதுக்கிவைக்கும் சோதனை எவ்வளவு வலியது என்பதை நம் திருச்சபையும் கசப்போடு கற்றிருக்கிறது.

இயந்திரத்தின் கணிப்புகளை மனிதர் கட்டுப்படுத்தக்கூடிய நிலை காக்கப்பட வேண்டும் என்று, 2024 ஜூன் மாதம் இத்தாலியில் ஜி-7 தலைவர்கள் முன் திருத்தந்தை பிரான்சிஸ் வலியுறுத்தினார். திருத்தந்தை பதினான்காம் லியோ, தாம் இந்தப் பெயரைத் தேர்ந்ததற்கு ஒரு காரணமாக, தொழிற்புரட்சிக் காலத்தில் பதின்மூன்றாம் லியோ எழுதிய சுற்றுமடலையும் இன்றைய செயற்கை நுண்ணறிவையும் சேர்த்தே குறிப்பிட்டார். இருவரும் பேசியது புதிய தொழில்நுட்பம் பற்றி. ஹொரைசனில் செயற்கை நுண்ணறிவு எதுவும் இல்லை. கூட்டலும் கழித்தலும்தான். அதற்கே இவ்வளவு பேர் தலைவணங்கினார்கள் என்றால், தன் முடிவுக்குக் காரணம் சொல்லாத இயந்திரங்கள் சாட்சிக் கூண்டில் ஏறும்போது என்ன ஆகும் என்பது என் அச்சம்.

வேல்ஸ் பகுதியின் லாண்டட்னோ நகரருகே அஞ்சலகம் நடத்தி, 2003-இல் ஒப்பந்தத்தை இழந்த ஆலன் பேட்ஸ் என்ற மனிதர், தம்மைப் போன்றவர்களை ஒன்றுதிரட்டி 555 பேராக உயர்நீதிமன்றம் சென்றார். 2019 திசம்பரில் நீதிபதி ஃபிரேசர் தீர்ப்பளித்தார். ஹொரைசனில் குறையே இல்லை என்று சாதிப்பது, இந்த நூற்றாண்டில் பூமி தட்டை என்று சாதிப்பதற்கு இணை என்பது அவருடைய கருத்து. 2021 ஏப்ரலில் ஜோ ஹாமில்டன், சீமா மிஸ்ரா உள்ளிட்ட 39 பேரின் தண்டனையை மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. 2024 மே மாதம் ஒரு தனிச்சட்டமே இயற்றி, எஞ்சியிருந்த நூற்றுக்கணக்கானோரின் தண்டனைகளைப் பாராளுமன்றம் ஒரே நாளில் துடைத்தது. மொத்தத்தில் தண்டனை பெற்றவர்கள் 900-க்கும் மேல்.

பிறர் பெயருக்குச் செய்த கேட்டை மன்னிப்புக் கேட்பதோடு விட்டுவிட முடியாது, ஈடுசெய்தாக வேண்டும் என்கிறது அதே மறைக்கல்வி (எண் 2487). ஃபுஜிட்சுவின் ஐரோப்பியத் தலைவர் 2024 சனவரியில் பாராளுமன்றக் குழுவின் முன் மன்னிப்புக் கேட்டு, இழப்பீட்டில் பங்கேற்கும் அறக்கடமை தம் நிறுவனத்துக்கு உண்டு என்றார். 555 பேருக்கு 2019-இல் ஒப்புக்கொள்ளப்பட்ட 5 கோடியே 77 இலட்சத்து 50 ஆயிரம் பவுண்டில் பெரும்பகுதி வழக்குச் செலவுக்கே போய், ஒருவருக்கு ஏறக்குறைய 20,000 பவுண்டே மிஞ்சியதால், பிறகு அவர்களுக்கெனத் தனித் திட்டம் தேவைப்பட்டது. வில்லியம்ஸ் அறிக்கை பணத்தோடு நிற்கவில்லை. அரசும் அஞ்சல் நிறுவனமும் ஃபுஜிட்சுவும் பாதிக்கப்பட்டவர்களைச் சந்தித்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு, உறவைச் சீர்செய்யும் ஒரு திட்டத்தை வகுக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 91 முறை தொலைபேசியில் அழைத்த மனிதர் முதல் அழைப்பில் கேட்டதும் அதுதான்.