டயல் செய்யும் பென்குவின்

சுதந்திர தினத்தில் திறந்த கதவுக்கும் விலைப்பட்டியல் இருந்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் இந்தியப் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டபோது, தனிநபர்களுக்கு இரண்டு வாசல்களை வைத்தது. ரூ. 5,000 கட்டினால் 'ஷெல்' கணக்கு. ரூ. 15,000 கட்டினால் 'டிசிபி/ஐபி' கணக்கு. இரண்டுக்கும் 250 மணி நேரம். இரண்டுக்கும் அதே டெலிபோன் கம்பி, அதே மோடம், விநாடிக்கு 9,600 பிட் என்ற அதே ஆமை வேகம். பிற்பாடு மாணவர்களுக்கென்று ரூ. 500-க்கு ஒரு ஷெல் கணக்கும் வந்தது.

கம்பி ஒன்றுதான் என்றால் ரூ. 10,000 வித்தியாசம் எதற்கு?

ஷெல் கணக்கில் சந்தாதாரரின் கம்ப்யூட்டர் இன்டர்நெட்டில் இருப்பதே இல்லை. தொலைவில் இருக்கும் ஒரு யூனிக்ஸ் இயந்திரத்துக்கு அது வெறும் திரையும் விசைப்பலகையும். இன்டர்நெட்டில் உலவுவது அந்த இயந்திரம். இங்கே வந்து சேர்வது கறுப்புத் திரையில் வரிவரியாக எழுத்து மட்டும். டிசிபி/ஐபி கணக்கில் வீட்டுக் கம்ப்யூட்டருக்கே தனி முகவரி கிடைக்கும். நெட்ஸ்கேப் ஓடும். படம் தெரியும்.

எழுத்து போதாதா என்று கேட்கலாம். ஆங்கிலம் மட்டும் படிப்பவருக்குப் போதும். ஆனால் 1990-களின் பிற்பாதியில் இணையத்தில் ஏறிய தமிழ்ப் பக்கங்கள் ஆளுக்கொரு எழுத்துருவில் இருந்தன. அந்தந்த எழுத்துரு கம்ப்யூட்டரில் இருந்தால், படம் காட்டும் பிரவுசரில் தமிழ் தெரியும். ஷெல் கணக்கின் 'லின்க்ஸ்' பிரவுசரில் அதே பக்கம் தலையில் கொம்பும் புள்ளியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத்தான் விரியும். தில்லியிலோ பம்பாயிலோ உட்கார்ந்து தமிழில் நாலு வரி படிக்க நினைத்தவருக்கு அந்த ரூ. 10,000 படத்துக்கான விலை அல்ல, எழுத்துக்கான விலை.

இந்தக் காலத்தில்தான் லினக்ஸ் இந்தியாவுக்கு வந்தது, பெரும்பாலும் குறுந்தகட்டில். 'பிசி க்வெஸ்ட்' மாத இதழ் 1996-ல் தன் வாசகர்களுக்கு லினக்ஸ் குறுந்தகடு கொடுத்தது. இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைப்பதைக் கடையில் ஏன் வாங்க வேண்டும்? கணக்குப் போட்டால் தெரியும். 9,600 பிட் வேகத்தில் விநாடிக்கு ஆயிரம் எழுத்துகூட வராது. 1 எம்.பி. வந்து சேர 18 நிமிடம். அந்த ஆண்டு வெளியான லினக்ஸ் 2.0-ன் 'கெர்னல்' மூலநிரல் மட்டும், சுருக்கிய நிலையிலேயே, 5 எம்.பி.க்கு மேல். எந்தத் தடங்கலும் இல்லாமல் வந்தாலே ஒன்றரை மணி நேரம். மிச்ச சாஃப்ட்வேரையும் இறக்கினால் வருடச் சந்தாவில் பெரும்பகுதி கரைந்துவிடும். டெலிபோன் மீட்டர் தனி.

விண்டோஸ் 95-ல் டயல்-அப் இணைப்பு என்பது ஒரு படிவம். எண், பெயர், பாஸ்வேர்டு எழுதி 'ஓகே' அழுத்த வேண்டும். வேலை செய்தால் சரி. செய்யாவிட்டால் ஏன் என்று அது சொல்லாது. சொன்னாலும் ஓர் எண்ணைச் சொல்லும். அன்றைய லினக்ஸில் படிவம் கிடையாது. நாலைந்து எழுத்துக் கோப்புகள். அவற்றைத் தானே எழுத வேண்டும்.

முதலில் மோடம் எந்த வாயிலில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். விண்டோஸ் 'காம் 1' என்று அழைப்பதை லினக்ஸ் 'டிடிஒய்எஸ் 0' என்கிறது. ஒன்றிலிருந்து எண்ணுபவர்களும் பூஜ்யத்திலிருந்து எண்ணுபவர்களும் சந்திக்கும் இந்த இடத்தில் பலரின் முதல் மாலை கழிந்தது. அடுத்தது கெர்னல். டெலிபோன் கம்பி வழியாக இன்டர்நெட் பாஷை பேச 'பிபிபி' என்ற விதிமுறை வேண்டும்; அது கெர்னலில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். சேர்க்காவிட்டால் கம்ப்யூட்டர் அதை ஒளிக்காமல் சொல்லிவிடும். பிறகு கெர்னலையே மறுபடி தொகுக்க வேண்டியதுதான். 486 கம்ப்யூட்டரில் அதை ஓடவிட்டுச் சாப்பிடப் போகலாம், சாவகாசமாக.

அப்புறம் 'சாட்' கோப்பு. இது ஒரு நாடக வசனம். மோடத்திடம் இதைச் சொல். 'ஓகே' என்று பதில் வந்தால் இந்த எண்ணைச் சுழற்று. 'பிஸி' என்றால் விட்டுவிடு. மறுமுனை பெயரைக் கேட்டால் பெயர், பாஸ்வேர்டைக் கேட்டால் பாஸ்வேர்டு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மறுமுனை 'லாகின்' என்று கேட்கும்; ஆனால் கோப்பில் முதல் எழுத்தை வெட்டிவிட்டு 'ஓகின்' என்றுதான் எழுதுவார்கள். சில இயந்திரங்கள் அந்த முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக அனுப்பும், சில சிறிய எழுத்தாக. தலையை வெட்டிவிட்டால் சண்டை இல்லை. இப்படிப்பட்ட நடைமுறை ஞானம் முன்னால் போனவர்களிடமிருந்து பின்னால் வருபவர்களுக்கு வாய்மொழியாக இறங்கியது.

எண்ணைச் சுழற்றுவதிலும் ஊருக்கு ஊர் வேறுபாடு. பழைய எக்ஸ்சேஞ்சுகளில் 'டோன்' எடுபடாது. 'பல்ஸ்' முறையில் டக்-டக்கென்று சுழற்ற வேண்டும். கட்டளையில் ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். வெளிநாட்டுக் கையேட்டைப் பார்த்து அப்படியே எழுதியவர், டயல் டோன் ரீங்கரித்துக்கொண்டே இருப்பதைக் கேட்டுக் குழம்புவார்.

மோடங்கள் கீச்சிட்டு இழுத்துக் கைகுலுக்கி முடித்ததும் மேடை 'பிபிபிடி' நிரலுக்குப் போகிறது. கடைசி 'டி' என்பது 'டீமன்'. பின்னணியில் சத்தமில்லாமல் வேலை பார்க்கும் நிரலுக்கு யூனிக்ஸ் உலகம் வைத்த பெயர். தமிழாக்குபவர் அவசரப்பட்டுப் 'பேய்' என்று எழுதிவிடக் கூடாது. அலாவுதீனின் விளக்குப் பூதம் ஓரளவு பொருந்தும்: கூப்பிட்டால் வரும், ஆனால் சரியான வார்த்தையில் கூப்பிட வேண்டும். அந்த வார்த்தைகள் இன்னொரு கோப்பில். வேகம் என்ன, மோடத்தின் தொண்டை அடைக்காமல் தரவை நிறுத்தி நிறுத்தி அனுப்புவது எப்படி, வெளியுலகத்துக்கான பொதுவழி இதுதானா என்று எல்லாம் அங்கே இருக்கும். ஏற்கெனவே ஒரு நெட்வொர்க் அட்டை பொதுவழியைப் பிடித்துவைத்திருந்தால், பூதம் அதைப் பிடுங்காது. இணைப்பு இருக்கும், எதுவும் போகாது.

எல்லாம் முடிந்து மறுமுனை முகவரி கொடுத்த பிறகும் பிரவுசர் வெறிச்சென்று நிற்கலாம். எண்ணால் அழைத்தால் பதில் வரும், பெயரால் அழைத்தால் வராது. பெயரை எண்ணாக மாற்றிச் சொல்லும் இயந்திரம் எது என்பதை எழுத வேண்டிய கோப்பு காலியாக இருக்கிறது என்று பொருள். ஒரே வரிதான். அந்த வரிக்காக இரவு பன்னிரண்டு வரை விழித்திருந்தவர்கள், தங்கள் வேலை முடிந்தது என்று எண்ணும் நேரத்தில் பக்கத்து அறையில் யாராவது ரிசீவரை எடுப்பார்கள். இணைப்பு அறுந்துபோகும்.

இத்தனை தொல்லைக்கும் பிரதிபலன் ஒன்று இருந்தது. ஒவ்வொரு படியும் பதிவேட்டுக் கோப்பில் வரியாக விழுந்தது. பூதம் என்ன சொன்னது, மறுமுனை என்ன மறுத்தது, எங்கே முறிந்தது என்று படித்துப் பார்க்கலாம். நாலு நாள் திண்டாடியவருக்குத் தான் எந்தக் கம்பியில் என்ன வாங்கியிருக்கிறோம் என்று புரிந்துவிடும். அது புரிந்ததும் விலைப்பட்டியல் வேறு மாதிரித் தெரிந்தது.

ஏனென்றால் 1995-லேயே டேனி காஸ்பரோவ்ஸ்கி என்பவர் 'ஸ்லிர்ப்' என்று ஒரு நிரல் எழுதியிருந்தார். ஷெல் கணக்குக்குள் நுழைந்து, அந்தத் தொலைதூர யூனிக்ஸ் இயந்திரத்தில் சாதாரண நிரல் போல இதை ஓடவிட வேண்டும். அவ்வளவுதான். அது டெலிபோன் கம்பியின் இந்த முனையிலிருக்கும் பிபிபிடியுடன் பிபிபி பாஷை பேச ஆரம்பிக்கும். வீட்டுக் கம்ப்யூட்டர் கேட்பதையெல்லாம் தன் பெயரில் வெளியே கேட்டு வாங்கி, உள்ளே அனுப்பும். தனி அனுமதி எதுவும் வேண்டாம். ஷெல் இயந்திரத்தின் கண்ணுக்கு இதுவும் சந்தாதாரர் இயக்கும் ஒரு நிரல், லின்க்ஸ் மாதிரி. இங்கேயோ நெட்ஸ்கேப் ஓடும், தமிழ் எழுத்துரு விரியும். லினக்ஸில் இதற்குச் செய்ய வேண்டியது சாட் கோப்பின் கடைசியில் ஒரு வரி சேர்ப்பதுதான். ஒரு குறை: இணைப்பைச் சோதிக்கும் 'பிங்' இதில் எடுபடாது. இது தெரியாமல், ஓடிக்கொண்டிருந்த இணைப்பைச் செத்துவிட்டதாக நினைத்து அறுத்தவர்கள் பாவம்.

இது திருட்டா? ரூ. 15,000 சரக்கு ரூ. 5,000-க்கு என்பதால் அப்படித் தோன்றலாம். ஆனால் பிட்டுகள் அதே பிட்டுகள், மணி நேரம் அதே மணி நேரம், கம்பியின் சுமை கூடவில்லை. படம் பார்க்க முடியாமல் வைத்திருந்ததே செயற்கையான வேலி. ஒப்பந்தத்தின்படி வேலி வேலிதான் என்று கணக்குக் கொடுப்பவர் வாதிடலாம். தாழ்ப்பாளும் அவர் கையில்தான். ஷெல்லைத் தராமல் நாலு விருப்பங்கள் கொண்ட மெனுவை மட்டும் காட்டினால் ஸ்லிர்ப் நுழைய இடமே இல்லை.

நேர்மாறான கதை 'வின்மோடம்'. மோடத்துக்குள் இருக்க வேண்டிய மூளையை எடுத்துவிட்டு, அந்த வேலையை விண்டோஸின் தலையில் கட்டிய மலிவு அட்டை. எப்படி இயங்குகிறது என்பதைத் தயாரிப்பாளர்கள் வெளியே சொல்லவில்லை. புதுக் கம்ப்யூட்டருடன் அது வந்திருந்தால், லினக்ஸ் பயன்படுத்துபவர் மேஜைமேல் வைக்கும் பழைய பாணி வெளி மோடத்தைத் தேடி அலைய வேண்டும். விலை கூடுதல்; ஆனால் சிவப்பு விளக்குகள் மினுங்கி, என்ன நடக்கிறது என்று காட்டும்.

1998 நவம்பரில் தனியாருக்கு வழி திறந்தது. சத்யம் ஆன்லைன் முதலில் வந்தது. போட்டி வந்ததும் கட்டணங்கள் சரிந்தன; ஷெல் கணக்குக்கு அர்த்தமில்லாமல் போயிற்று. லினக்ஸிலும் 'வ்விடயல்' வந்து, மோடத்தைத் தானே தேடிப் பிடித்துக் கோப்பைத் தானே எழுதியது. சாட் வசனங்கள் யாருக்கும் தேவைப்படவில்லை. 2002-ல் விதேஷ் சஞ்சார் நிகமே டாடா கைக்குப் போனது.

பூதங்கள் மட்டும் வேலையை விடவில்லை. ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு பொய்க் கம்ப்யூட்டரை ஓட்டும் 'க்யூஇஎம்யூ' நிரலில் ஸ்லிர்ப் இன்றும் இருக்கிறது. உள்ளே இருக்கும் இயந்திரம் முகவரி கேட்டால், ஷெல் கணக்குக் காலத்து அதே 10.0.2.15-ஐத்தான் வழக்கமாகக் கொடுக்கிறது. வீட்டுச் சுவரில் விளக்கு மினுங்கும் ரூட்டர் பெட்டிகள் பலவற்றின் உள்ளே லினக்ஸ். பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் பிராட்பேண்ட் இணைப்பாக இருந்தால், அநேகமாக அங்கே பிபிபிடி ஓடிக்கொண்டிருக்கிறது. டயல் டோனுக்குக் காத்திருப்பதை மட்டும் அது நிறுத்திவிட்டது.