நம்பிக்கை என்ன புரதமா?

'மனசு வச்சா மசில் தானா வரும்' என்று ரீல்ஸில் உபதேசிப்பவர்கள் 1972-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றைத் தவறாமல் இழுப்பார்கள். ஏரியலும் சாவிலும் கல்லூரி விளையாட்டு வீரர்களுக்கு ஸ்டீராய்டு என்று சொல்லி வெற்று மாத்திரை கொடுத்தார்கள். அவர்கள் தூக்கிய எடை கூடியது. சரி. ஆனால் மாத்திரையை விழுங்கிவிட்டு யாரும் படுத்துக் கிடக்கவில்லை, பளு தூக்கினார்கள். அளந்ததும் பலத்தைத்தான், தசையை அல்ல. நம்பிக்கை கூடுதலாகக் கொஞ்சம் முக்க வைக்கும், அவ்வளவே.

குழித்துறைப் பக்கம் விடியுமுன்னே ரப்பர் பால்வெட்டப் போகிறவரிடம் 'உங்க மைண்ட்செட் சரியில்லை' என்று சொல்லிப் பாரு, மக்கா. அவருக்கு இல்லாதது நம்பிக்கையா, உறக்கமா? மரச்சீனியை எவ்வளவு நம்பித் தின்றாலும் அது மாவுச்சத்துதான். பக்கத்தில் மீன் இருந்தால்தான் தசைக்குப் புரதம்.

நம்பிக்கை வேணும். ஆனா அதைக் கோர்ஸ் போட்டு விற்கிறவனுக்குக் காசு கொடுக்காதே. அந்தக் காசுக்கு மீன் வாங்கு.